பொன்னிறத்தைப் பழுது என்று எண்ணிய நாள்

2011ஆம் ஆண்டின் இறுதிக் கையிருப்புக் கணக்கெடுப்பில், நான் அப்போது வேலை செய்துகொண்டிருந்த கொழும்பு ஹோட்டலின் குளிர்களஞ்சியத்தில், மேல்தட்டின் கடைசி மூலையில், ஈரத்தில் ஊறிப்போன மட்டைப் பெட்டி ஒன்றுக்குள் ஆறு வெள்ளை வைன் போத்தல்கள் படுத்துக் கிடப்பதைக் கண்டேன். லேபிளில் அறுவடை ஆண்டு 1999 என்று இருந்தது. பன்னிரண்டு வயதான வெள்ளை வைனை நல்ல சரக்கென்று கணக்கில் காட்டினால் பிறகு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்ற பயத்தில், ஒன்றைத் திறந்து கிளாசில் ஊற்றிப் பார்த்தேன். நிறம் உருக்கிய நெய்யைப் போல் பொன்னாக இருந்தது. மணம், தணலில் வாட்டிய பாணில் பட்டர் பூசியது போல் இருந்தது. வெள்ளை வைன் தண்ணீர்போல் தெளிவாகவும் பழவாசனையோடும் இருக்க வேண்டும், மஞ்சளாகிவிட்டால் காற்றுப்பட்டுக் கெட்டுவிட்டது என்றுதான் எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். எனக்குப் பின்னால் வேலைக்கு வந்த பத்துப் பதினைந்து பையன்களுக்கு நானும் அதையே சொல்லிக் கொடுத்திருந்தேன். ஆகவே ஆறையும் பழுது என்று பதிந்து, சமையலுக்காவது உதவட்டும் என்று குசினிக்கு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் மாலை எங்கள் பகுதியின் மேலாளர் ஏதோ அலுவலாகக் குசினிப் பக்கம் போனவர், கழுவும் தொட்டியருகே அந்த லேபிளோடு மூன்று போத்தல்கள் நிற்பதைக் கண்டிருக்கிறார். இரண்டு வெறுமையாகிவிட்டன, மூன்றாவதில் கால்வாசி மிஞ்சியிருந்தது. ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். ஏசுவார் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் ஏசவில்லை, மிஞ்சியிருந்ததை இரண்டு கிளாசில் ஊற்றி, ஒன்றை என்னிடம் நீட்டி, "தம்பி, நீர் இதை வாயில வைச்சுப் பார்த்தனீரா?" என்று மட்டும் கேட்டார்.

வைத்துப் பார்க்கவில்லை என்பதே உண்மை. நிறத்தைப் பார்த்தேன், மணந்தேன், ஆண்டை வாசித்தேன், அவ்வளவோடு முடிவுக்கு வந்துவிட்டேன். அன்று குசினி வாசலில் நின்று குடித்த அந்த ஒரு மிடறில், நாக்கின் இரு பக்கமும் கூசுகிற அளவுக்குப் புளிப்பு அப்படியே இருந்தது. அதன்மேல், உப்பிட்டு வெயிலில் காயவைத்த தேசிக்காயின் வாசனை. அதற்கும் பிறகு தேனின் வாசனை, ஆனால் இனிப்பு ஒரு துளியும் இல்லை. கெட்டுப்போன வைனுக்குப் புளிப்பு இப்படி நிமிர்ந்து நிற்காது. மேலாளர் அதை வேண்டுமென்றே ஆறு ஆண்டுகளாக விற்காமல் ஒளித்துவைத்திருந்தாராம். திறக்காத மூன்று போத்தல்களைக் குசினியிலிருந்து அவரே இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு திரும்பிப் போன காட்சி இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

அந்த வைனின் பெயர் வாட் 1 செமியோன். அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், ஹன்டர் பள்ளத்தாக்கில் உள்ள பொக்கோல்பின் என்ற ஊரில், டிரெல் என்ற குடும்பம் செய்வது. அதைப் பற்றி எழுத எனக்கு இருக்கும் தகுதி, அதை ஒருமுறை சமையலுக்கு அனுப்பியவன் என்பதும், பிறகு அந்தப் பிழையைத் திருத்திக்கொள்ள ஐந்தாறு ஆண்டுகள் செலவிட்டவன் என்பதுமே. வைன் பற்றிய விளம்பரங்களை எங்கள் நாட்டில் 2006ஆம் ஆண்டின் புகையிலை, மதுசாரம் பற்றிய அதிகாரசபைச் சட்டம் தடைசெய்கிறது. எனவே கொழும்பில் ஒரு வாடிக்கையாளர் எதைக் குடிக்கிறார் என்பது பெரும்பாலும் மேசையருகே நிற்கும் எங்களைப் போன்றவர்களின் வாயில்தான் தங்கியிருக்கிறது. அந்த வாய் பிழையாகச் சொன்னால் திருத்துவதற்கு வேறு ஆளில்லை.

என் பின்னணியையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இது வெறும் ஹோட்டல் கதையல்ல. என் அப்பா யாழ்ப்பாணத்து உரும்பிராய்ச் செம்மண்ணில் முந்திரிகைத் தோட்டம் வைத்திருந்தவர். கொழும்புக்காரருக்கு முந்திரிகை என்றால் கஜு; எங்களுக்கு அது திராட்சை. கொங்கிறீட் தூண்களில் கம்பி இழுத்துக் கட்டிய பந்தல், அதன் கீழே நடந்தால் பகலிலும் அரை இருட்டு. கிளையைக் கவாத்துப் பண்ணினால்தான் அது தளிர்த்துப் பூக்கும். குளிர்காலம் இல்லாத ஊரில் கொடியை உறங்கவைப்பதும் எழுப்புவதும் தோட்டக்காரனின் கத்திதான். பழம் பறிக்கும் நாளை அப்பா சுவைத்துப் பார்த்து முடிவுசெய்வதில்லை. ஒரு பழத்தைப் பிதுக்கி, விதை பச்சையாக இருக்கிறதா மண்ணிறமாகிவிட்டதா என்று பார்ப்பார். 1995 ஒக்டோபரில் போருக்கு அஞ்சி ஊரோடு ஊராக நாங்களும் தென்மராட்சிக்கு நடந்தபோது பந்தலில் இளங்காய் இருந்தது. பிறகு கொழும்பு, வெள்ளவத்தையில் இரண்டு அறை வீடு, எனக்கு ஹோட்டல் வேலை. அப்பாவுக்கு என் வேலையில் பெரிய மரியாதை ஏதும் இருக்கவில்லை. எங்கள் வீடுகளில் வைன் என்றால் நத்தாருக்கு யாராவது கேக்கோடு கொண்டுவந்து தரும் இனிப்பான சிவப்புத் தண்ணீர், அல்லது தோலகட்டி ஆச்சிரமத்தின் போத்தல். அதற்கு மேல் பேச்சில்லை.

2016 ஜனவரியில், சிட்னியில் இருக்கும் அக்காவிடம் போயிருந்தேன். அத்தானிடம் பொக்கோல்பினுக்குக் கூட்டிப்போகச் சொன்னபோது, குடிப்பதற்காக இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று அவர் சிரித்தார். வடக்கே இரண்டு மணி நேரத்துக்கும் சற்று அதிகமான கார் ஓட்டம். அந்த மாதத் தொடக்கத்தில் அங்கே கனமழை பெய்திருந்தது. வழியெல்லாம் சேறு, வெயிலும் புழுக்கமும். காரிலிருந்து இறங்கியபோது எனக்கு முதலில் தோன்றியது, இது வைனுக்கான ஊரே இல்லை, இது எங்கள் ஊர் போன்றது என்பதுதான். உண்மையிலேயே அந்தப் பள்ளத்தாக்கு நல்ல வைன் வரக்கூடாத இடம். வெப்பம் அதிகம், ஈரப்பதம் அதிகம், பழம் முற்றிவரும் மாதங்களிலேயே மழையும் வந்து விழும். அந்த இடத்தில் ஒரு குடும்பம் எப்படி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் பிழைத்தது என்பதற்கான விடைதான் அந்த வெள்ளை வைன்.

எட்வர்ட் டிரெல் என்ற ஆங்கிலேயர் 1858இல் புரோக்கன்பேக் மலைத்தொடரின் அடிவாரத்தில் முந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைப் பெற்றார். நியூகாசில் மறைமாவட்டத்தின் முதலாவது அங்கிலிக்கன் ஆயருடைய சகோதரரின் மகன் அவர். அவர் முதலில் கட்டிய வன்மரப் பலகைக் குடிசை இன்றும் வைன் கூடத்துக்கு முன்னால் நிற்கிறது. எங்கள் தோட்டத்தில் நீர்இறைக்கும் யந்திரம் வைத்திருந்த கொட்டிலைவிட அது பெரிதல்ல. முதல் அறுவடை 1864இல். 1889இல் பதினெட்டு வயது மகன் டான் பொறுப்பேற்றார். திருமணம் செய்யாத அந்த மனிதர் 1959இல் இறக்கும்வரை தொடர்ச்சியாக எழுபது அறுவடைகளை வைனாக்கினார் என்று சொல்வார்கள். ஒரே மனிதர், ஒரே தோட்டம், எழுபது தடவை. அதைக் கேட்டபோது, அப்பாவுக்கு அவருடைய பந்தலில் எத்தனை தடவை கிடைத்தது என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். பத்துக்குச் சற்று மேல்தான் வந்தது. அந்த எண்ணத்தை அத்தானிடம் சொல்லவில்லை.

டானுக்குப் பிறகு வந்தவர் அவருடைய சகோதரரின் மகன் மரே. அவர் அதுவரை மாடு வளர்த்து விற்றவர். அவர் காலம் வரைக்கும் குடும்பத்தின் வைன் பெரும்பாலும் மொத்தமாகப் பிறருக்கே போனது. தன் பெயரில் போத்தலில் அடைத்து விற்கும் துணிவு அவருக்குத்தான் வந்தது. எந்த மரத்தொட்டியில் இருந்ததோ அந்தத் தொட்டியின், ஆங்கிலத்தில் வாட்டின், இலக்கத்தையே வைனுக்குப் பெயராக வைத்தார்கள். முதலாவது வாட் 1 செமியோன் 1963ஆம் ஆண்டின் அறுவடை. இதே மரேதான் அறுபதுகளின் கடைசியில், பக்கத்தில் வேறொரு நிறுவனம் வைத்திருந்த எச்.வி.டி. என்ற தோட்டத்துக்குள் இரவில் வேலி பாய்ந்து, ஷார்டொனே என்ற வெள்ளைத் திராட்சைக் கொடியின் துண்டுகளை வெட்டிவந்து நட்டார். அதிலிருந்து 1971இல் வாட் 47 என்ற வைன் பிறந்தது. 1908இல் நடப்பட்ட கொடிகளைக் கொண்ட அந்தத் தோட்டத்தையே பிற்காலத்தில் குடும்பம் விலைக்கு வாங்கிக்கொண்டது. வேலி பாய்ந்து பதியம் எடுப்பது எங்கள் ஊரிலும் நடக்காத காரியமல்ல. மல்லிகையும் கறிவேப்பிலையும் எத்தனை வீடுகளுக்கு அப்படிப் போயிருக்கின்றன. மரே 2000இல் காலமானார். அவருடைய மகன் புரூஸும் பேரன் கிறிஸும் நான்காம், ஐந்தாம் தலைமுறையினர்.

செமியோன் பிரான்சின் போர்தோப் பகுதிக்குரிய திராட்சை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே நியூ சவுத் வேல்ஸுக்கு வந்துவிட்டது. ஹன்டரில் நெடுங்காலம் இதை 'ஹன்டர் ரிவர் ரீஸ்லிங்' என்றே லேபிளில் எழுதினார்கள். ரீஸ்லிங் என்ற உண்மையான திராட்சைக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. பழைய போத்தல் கையில் கிடைத்தால் இந்தப் பெயரைக் கண்டு குழம்ப வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். வாட் 1க்கான பழம் முக்கியமாகக் கூடத்துக்கு அருகேயுள்ள, பழைய ஓடைகள் விட்டுச்சென்ற மணற்பாங்கான தரையிலிருந்து வருகிறது. ஷோர்ட் பிளாட் என்ற பகுதியின் கொடிகள் 1923இல் நடப்பட்டவை, நீர்ப்பாசனம் இல்லாதவை. ஐரோப்பாவின் கொடிகளை அழித்த பைலொக்சரா என்ற வேர்ப்பூச்சி ஹன்டருக்கு வந்ததில்லை. ஆகையால் அந்தக் கொடிகள் ஒட்டுக்கட்டாமல் தம் சொந்த வேரிலேயே நிற்கின்றன.

நான் போன நேரத்தில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. ஒரு பழத்தை வாயில் போட்டேன். கண்ணைச் சுருங்கவைக்கும் புளிப்பு. விதையைப் பிதுக்கிப் பார்த்தேன், அப்பாவின் கணக்குப்படி பறிக்கும் பருவம் அல்ல. ஆனால் அதுதான் விஷயம். பெப்ரவரி மழை வந்து பழம் அழுகுவதற்கு முன், சீனி குறைவாகவும் புளிப்பு உச்சமாகவும் இருக்கும்போதே பறித்துவிடுகிறார்கள். அதனால் வைனில் மதுசாரம் பத்து, பதினொரு வீதத்தை ஒட்டியே இருக்கும். பெரும்பாலான வெள்ளை வைன்கள் பன்னிரண்டரை, பதின்மூன்றுக்குப் போகின்றன. ஸ்டெயின்லெஸ் தொட்டியில் குளிர்ச்சியாக நொதிக்கவைத்து, ஓக் மரத்தின் வாசனை எதையும் சேர்க்காமல், சில மாதங்களிலேயே போத்தலில் அடைத்துவிடுகிறார்கள். பிறகுதான் பெரிய வேலை: ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் அதை விற்காமல் வைத்திருப்பது. மழைக்குப் பயந்து செய்த ஒரு சமரசம், காத்திருக்கக் கற்றுக்கொண்டபோது குடும்பத்தின் அடையாளமாகிவிட்டது.

அங்கே சுவை பார்க்கும் மேசையில் எனக்கு இரண்டு கிளாஸ் வைத்தார்கள். ஒன்று அண்மைய ஆண்டின் செமியோன். கிணற்றுத் தண்ணீரில் ஓர் இலைப்பச்சை நிழல் விழுந்தாற்போல் நிறம். தேசிக்காய்த் தோலும் வெட்டிய புல்லும், அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. இதைத்தான் கொழும்பில் நாங்கள் "மெல்லிசு" என்று ஒதுக்கிவிடுவோம். மற்றது பத்து வயதைத் தாண்டியது. குசினி வாசலில் நான் குடித்த அதே பொன், அதே வாட்டிய பாண். ஓக் தொட்டியில் வைக்கவேயில்லை, பிறகு எங்கிருந்து அந்தக் கருகல் மணம் என்று கேட்டேன். போத்தலுக்குள்ளேயே, காற்றில்லாமல், ஆண்டுக்கணக்கில் மெதுவாக நடக்கும் மாற்றத்தால்தான் என்று விளங்கப்படுத்தினார்கள். அதற்கு வேண்டிய தாங்குசக்தியைக் கொடுப்பது ஆரம்பத்தில் இருந்த அந்தப் புளிப்பு. இளமைக்கும் முதிர்ச்சிக்கும் இடையில் சில போத்தல்கள் வாயை மூடிக்கொள்ளும், இளமையின் வாசனையும் இருக்காது, முதுமையின் வாசனையும் வந்திருக்காது. அந்த இடைக்காலத்தில் திறந்தவர்கள்தான் இந்த வைனைப் பற்றி அதிகம் குறைசொல்பவர்கள் என்பது என் அபிப்பிராயம்.

2011ஆம் ஆண்டின் வாட் 1 அப்போதுதான் விற்பனைக்கு வந்திருந்தது. இரண்டு போத்தல் வாங்கினேன். ஆண்டு 2011 என்பதில் எனக்கு ஒரு தனிக்கணக்கு இருந்தது என்று சொல்லத் தேவையில்லை.

கொழும்புக்கு வந்த பிறகு நடந்தது நான் திட்டமிட்ட பரிசோதனையல்ல, இடப்பற்றாக்குறையால் நடந்தது. வீட்டுக் குளிர்சாதனப்பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு போத்தலுக்குத்தான் மனைவி அனுமதி தந்தார். மற்றதைப் பழைய சாரம் ஒன்றால் சுற்றி, படுக்கையறை அலுமாரியின் அடித்தட்டில், வெளிச்சம் படாத இடத்தில் வைத்தேன். இருட்டில் இருக்கிறது, ஆடாமல் இருக்கிறது, மூடி திருகுமூடி, காற்று புகாது. இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன். வெள்ளவத்தை வீட்டு அலுமாரிக்குள் ஆண்டு முழுவதும் 28 பாகை, பங்குனி சித்திரையில் 30க்கும் மேல். வெப்பம் பத்துப் பாகை கூடினால் இரசாயன மாற்றத்தின் வேகம் ஏறக்குறைய இருமடங்காகும் என்று பாடசாலையில் படித்ததை நான் போத்தலோடு சேர்த்து நினைக்கவில்லை.

2022 மார்ச் கடைசியில் ஒருநாள் மின்வெட்டு பதின்மூன்று மணித்தியாலம் வரை போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். குளிர்சாதனப்பெட்டிக்குள் இருந்த பால், மீன் பற்றி வீடு கவலைப்பட்டது. நான் போத்தலைப் பற்றிக் கவலைப்பட்டேன். மீன் விற்பவர் ஒருவரிடம் பழைய ரெஜிபோம் பெட்டி ஒன்றை வாங்கிக் கழுவி, போத்தலைத் துவாயில் சுற்றி உள்ளே வைத்து, மின்சாரம் இருந்த நேரத்தில் உறையவைத்த தண்ணீர்ப் போத்தல்களைப் பக்கத்தில் அடுக்கி மூடிவிட்டேன். தடித்த சுவருள்ள ரெஜிபோம் பெட்டி, உள்ளே உறைந்த போத்தல்கள் இருந்து அடிக்கடி திறக்காமலும் இருந்தால், ஒரு பகல் முழுவதும் 15 பாகைக்கு மேலே போகவிடாது. மீனுக்காகக் கண்டுபிடித்தது வைனுக்கும் பொருந்தும். அந்த வாரங்களில்தான், இனியும் காத்திருப்பதில் பொருளில்லை, இரண்டையும் ஒன்றாகத் திறந்துபார்ப்போம் என்று முடிவுசெய்தேன்.

ஒரே தோட்டம், ஒரே ஆண்டு, ஒரே நாளில் வாங்கியவை. அலுமாரியில் இருந்தது பிளேன்டீ நிறத்தில் வந்தது. மூக்கில் பழைய தேன், பழுத்து நைந்த அப்பிள். வாயில் வைத்தால் நடுவே ஒன்றுமில்லாத வெறுமை, புளிப்பு தளர்ந்து, முடிவில் ஒரு கசப்பு. இதுதான் கெட்ட வைன்; 2011இல் நான் எதைக் கெட்டது என்று பதிந்தேனோ அதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரே மேசையில் பார்த்தேன். குளிர்சாதனப்பெட்டியில் இருந்ததோ இளம் பொன். தேசிக்காய்ப் புளிப்பு உயிரோடு, அதன் ஓரத்தில் வாட்டிய பாண் அப்போதுதான் தலைகாட்டிக்கொண்டிருந்தது. குளிர் அதை மெதுவாக்கியிருந்தது, கொல்லவில்லை. திருகுமூடி போட்ட வெள்ளை வைனுக்கு வீட்டுக் குளிர்சாதனப்பெட்டி ஆண்டுக்கணக்கில் தீங்கு செய்யாது. தக்கை போட்டதென்றால் கதை வேறு. அந்த உலர்ந்த குளிரில் தக்கை சுருங்கும், ஆகவே அதைச் சில மாதங்களுக்கு மேல் அங்கே வைக்கக் கூடாது. 12க்கும் 15க்கும் இடையில் வைத்திருக்கும் தனியான வைன் பெட்டி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் அலுமாரியைவிடக் குளிர்சாதனப்பெட்டி ஆயிரம் மடங்கு மேல்.

இதிலிருந்து வேலைக்கு நான் எடுத்துக்கொண்டவை பல. இப்போது களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருக்கும் இடத்தில், வரும் ஒவ்வொரு பெட்டியையும் திறக்கும் முன் கையால் தொட்டுப் பார்க்கச் சொல்கிறேன். துறைமுகத்திலிருந்து வெயிலில் வந்த பெட்டி சூடாகவே இருக்கும். மூடியின் ஓரத்தில் ஒட்டுகிற பிசுபிசுப்பு இருந்தால், உள்ளே இருந்தது சூட்டில் விரிந்து கசிந்திருக்கிறது என்று பொருள். கழுத்தில் திரவத்தின் மட்டம் மற்றப் போத்தல்களைவிடத் தாழ்ந்திருந்தாலும் அப்படியே. கடையில் வாங்குபவர்களுக்கும் இதுதான் என் ஆலோசனை: கண்ணாடி ஜன்னலுக்குப் பக்கத்தில், விளக்கின் கீழே நிறுத்திவைத்திருப்பதை எடுக்காதீர்கள், அடுத்த பெட்டியிலிருந்து ஒன்று தரும்படி கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆண்டைக் கேளுங்கள், அந்தப் பெட்டி எவ்வளவு காலமாக அங்கே கிடக்கிறது என்று அதைவிட முக்கியமாகக் கேளுங்கள். பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் வைன் வாங்க முடியாது என்பதால் விருந்துக்குத் திகதி குறிக்கும்போது நாட்காட்டியைப் பார்த்துவிடுங்கள். இதைச் சொல்ல ஒரு அனுபவஸ்தன் வேண்டுமா என்று கேட்பீர்கள், ஆனால் என் தங்கையின் கல்யாண நிச்சயத்துக்கு நானே இதில் மாட்டிக்கொண்டவன்.

குடிக்கும் சூட்டிலும் எங்கள் பழக்கம் பிழை. எல்லா வெள்ளை வைனையும் ஐஸ் வாளியில் அமிழ்த்திப் பல் கூசப் பரிமாறுகிறோம். இளம் செமியோனுக்கு 8 பாகை சரி. பத்து வயதானதை அந்தக் குளிரில் கொடுத்தால், காத்திருந்து வந்த வாசனை முழுவதும் உள்ளே அடைபட்டுவிடும். அதற்கு 12 பாகை வேண்டும். குளிர்சாதனப்பெட்டியிலிருந்து எடுத்துப் பதினைந்து இருபது நிமிடம் மேசையில் வைத்தால் கொழும்பின் காற்று அந்த வேலையைச் செய்துவிடும். அதே காற்று கிளாசில் இருப்பதையும் விரைவில் சூடாக்கிவிடும் என்பதால் மூன்று விரல் உயரத்துக்கு மேல் ஊற்றாமல், தீரத்தீர ஊற்றுவது நல்லது.

சாப்பாட்டைப் பற்றி நிறையப் பேசலாம். மதுசாரம் அதிகமான வைன் மிளகாயின் எரிவைக் கூட்டும். இந்த வைனில் அது குறைவு என்பதால் எங்கள் சாப்பாட்டோடு இது மற்றவற்றைவிட ஒத்துப்போகிறது. ஆனால் எல்லாவற்றோடும் அல்ல. வறுத்த தூள் போட்ட யாழ்ப்பாணத்து நண்டுக்கறியோடு வைத்துப் பார்த்தேன். நண்டு வைனைத் தின்றுவிட்டது, வெறும் புளித்தண்ணீர்தான் மிஞ்சியது. இளம் போத்தலுக்கு, மஞ்சளும் உப்பும் மிளகும் மட்டும் பிரட்டிப் பொரித்த கணவாய், கடைசியில் தேசிக்காய் பிழிந்தது, இதற்கு மிஞ்சிய துணை இல்லை. முதிர்ந்ததற்கு நான் கண்ட பொருத்தம் சற்று எதிர்பாராதது: முதற்பாலும் வெந்தயமும் சேர்த்த விளைமீன் சொதி, இடியப்பத்தோடு. பாலின் கொழுப்பை வைனின் புளிப்பு அறுக்கிறது, வெந்தயத்தின் கருகல் வாசனை வைனின் பாண் வாசனையோடு போய்ச் சேருகிறது. சொதியில் தேசிக்காயைச் சற்றுக் குறைத்துவிடச் சொல்லுங்கள். புளிப்பை வைன் கொண்டுவருகிறது.

வாட் 1 கிடைப்பதும் அரிது, விலையும் அதிகம். அதே குடும்பம் ஹன்டர் வெலி செமியோன் என்று விற்கும் சாதாரண போத்தல் அதைவிட மலிவு, செய்முறை ஒன்றுதான். அதில் மூன்றை வாங்கி, ஒன்றை உடனே குடித்து, மற்றவற்றைக் குளிரில் நான்கைந்து ஆண்டு வைத்துப் பார்ப்பதுதான் இந்த விஷயத்தைக் கற்றுக்கொள்ள எனக்குத் தெரிந்த மலிவான வழி. 2020ஆம் ஆண்டைத் தேடி அலைய வேண்டாம். அந்த ஜனவரியில் காட்டுத்தீயின் புகை பள்ளத்தாக்கில் படிந்து, டிரெல் குடும்பம் தன் திராட்சையில் ஏறக்குறைய 80 வீதத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. புகை பழத்தோலில் ஏறினால் வைன் சாம்பல் தட்டு நக்கியதுபோல் இருக்கும். விற்றிருந்தால் எங்களைப் போன்ற தூரத்து ஊர்களில் யாரும் ஏனென்று கேட்டிருக்கமாட்டார்கள்.

அந்த இரண்டு போத்தலையும் திறந்த இரவில் அப்பா முன்கூடத்தில் இருந்தார். எண்பத்தொரு வயது, மதுவைத் தொட்டதில்லை. மின்சாரம் போயிருந்தது, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நான் இரண்டு கிளாசையும் மாறிமாறித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்ததை வெகுநேரம் கவனித்துவிட்டு, என்ன அது என்று கேட்டார். முந்திரிகை என்றேன், முந்திரிகையில் செய்தது. சில்வர் தம்ளரில் நல்லதிலிருந்து இரண்டு தேக்கரண்டி அளவு ஊற்றிக் கொடுத்தேன். வாங்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். வாங்கி, மணக்காமல், நிறம் பார்க்காமல், நேரே வாயில் விட்டு, நாக்கால் அண்ணத்தில் ஒரு தட்டுத் தட்டினார்.

"இது பழுக்க முன்னம் புடுங்கினது," என்றார். "மழைக்குப் பயந்து புடுங்கியிருக்கினம்."

ஓம் என்றேன். அங்கே எந்த மாதத்தில் மழை, கொடிக்கு எத்தனை வயது, பந்தலா வேலியா என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார். 1923 என்று சொன்னபோது தம்ளரைத் திரும்ப நீட்டினார். இன்னும் கொஞ்சம் விடச் சொல்கிறாரா, எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. விட்டேன். குடித்தார்.